முளைப்பாரிக்குக் கலர் டிவி

என் வயசுக்காரர்களே, செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெளிச்சம்தான் பத்தலை" என்று பிள்ளைகளிடம் சமாளிக்கிற கூட்டம் நாம். நாற்பது இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. அதற்குள் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. இந்த வயதில் பழங்கதை பேசினால், ஆரம்பித்துவிட்டாள் பார் என்று இளசுகள் சிரிக்கும். சிரிக்கட்டும். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் ஊர்ச் சனம் ஒரு கலர் டிவிக்கு ஆசைப்பட்டு, அம்மனுக்கு வளர்த்த முளைப்பாரியைக் கருக வைத்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

போன வாரம் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்த்துத் தருவார்களாம், ஆர்டர் கொடுத்தால் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்களாம். படத்தில் எல்லாம் பச்சைப் பசேலென்று ஒரே உயரத்தில் நின்றன. முளைப்பாரி இருட்டில் வளர்வது, அது வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது படம் போட்டவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எனக்கு ஆறாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டிப் பக்கம். எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேலி வந்து நிற்கும். நாங்கள் கம்பெனி என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ் என்போம். ஊரில் பாதிப் பேர் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தார்கள். அப்பாவுக்கு மருந்துச் சாமான் வைக்கிற ஸ்டோரில் வேலை. அம்மா சக்கரம் சுற்றுகிற ஷெட்டில். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, மருந்து கலக்கிற ரூமில். சாயங்காலம் வேனிலிருந்து சித்தப்பா இறங்கும்போது முகம், புருவம், கை மயிர் எல்லாம் வெள்ளிப் பொடி மின்னும். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று சோப்புப் போட்டுத் தேய்ப்பார். அவர் குளித்த தண்ணீர் வாய்க்காலில் கொஞ்ச தூரம் வரைக்கும் பளபளவென்று ஓடும். அதைப் பார்க்க நாங்கள் போய் நிற்போம்.

பங்குனியில் அம்மன் பொங்கல். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஊரில் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி காயாது, கடுகு வெடிக்காது. அம்மா வெறுங்காலோடுதான் வேன் ஏறுவாள். ஆபீஸில் தரை சுடுமே என்று கேட்டால், "அவ நடக்கல? நாம நடந்தா என்ன?" என்பாள். அவ என்றால் அம்மன். பக்கத்துத் தெருவில் இருக்கிற சொந்தக்காரியைச் சொல்வது மாதிரித்தான் சொல்வாள்.

முளைப்பாரிக்கு விதை எடுக்கிற விதமே தனி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை தானியம் வர வேண்டும். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, கம்பு, எது இருக்கிறதோ அது. பஸ் ஸ்டாப்பில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாய் வீட்டிலிருந்தும் ஒரு கை வரும். அந்த வீட்டம்மா தட்டில் வைத்து, முந்தானையால் மூடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே சொளகில், அதாவது முறத்தில், கொட்டிக் கலந்து, ஊறவைத்து, ஆளுக்கொரு மண்சட்டியில் வைக்கோலும் காய்ந்த எருவும் போட்டுத் தூவுவார்கள். அத்தனை சட்டியும் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில், சன்னலில் சாக்குத் தொங்கவிட்ட இருட்டில் இருக்கும். கதவைத் திறந்தால் ஈரச் சாணி, வேப்பிலை, முளைவிட்ட பயறு மூன்றும் கலந்த வாசம் முகத்தில் அடிக்கும். அந்த வாசத்தை எந்தக் கடையிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

எந்தச் சட்டி யாருடையது என்று யாரும் பார்த்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி நாளன்று கைக்கு வந்ததை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றில் கரைக்கக் கிளம்ப வேண்டியதுதான். பாரி நன்றாக வளர்ந்தால் மழை உண்டு, வருஷம் அசம்பாவிதம் இல்லாமல் போகும். எங்கள் ஊரில் அசம்பாவிதம் என்றால் ஆபீஸில் தீ. அதைப் பேர் சொல்லிப் பேசக்கூட மாட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் ஊருக்குக் கேபிள் வந்தது. கூடவே ஒற்றை ரூபாய் ஷாம்பு, பாக்கெட் மசாலா, தவணைக்குப் பாத்திரம் கொண்டுவருகிற சைக்கிள்காரர் எல்லாரும் வந்தார்கள். கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற பெரியம்மா வீட்டில் மட்டும் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. வாசல்படி வரைக்கும்தான் எங்களுக்கு அனுமதி. விளம்பரம் வந்ததும், "சும்மாதான உக்காந்திருக்கீக, ஆளுக்கு ஒரு குடம் கொண்டாங்க பாப்போம்" என்பாள். நாங்கள் தண்ணீர் தூக்கி வந்து சேருவதற்குள் நாடகம் முடிந்து பேர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வருஷத்து நாடகங்களில் பாதி எனக்கு இன்றைக்கும் முடிவு தெரியாது.

எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு நாடகம் ஓடியது. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். சித்தி சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு ஊரிலிருந்து வந்தவள். ஆபீஸ் வேலை அவளுக்குப் பயம், வீட்டில்தான் இருந்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். சீரோடு சீராக ஒரு மிக்ஸி கொண்டுவந்திருந்தாள். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி கத்த ஆரம்பித்ததும், இந்தப் பக்கம் அம்மா அம்மியை ஓங்கி இழுப்பாள். "மிசின்ல அரைச்ச சட்னி நாக்குல ஒட்டுமா?" என்று சுவரிடம் கேட்பாள். சுவர் பதில் சொல்லாது. சித்தி கிண்ணத்தில் சட்னி கொடுத்து அனுப்பினால், அம்மா அதை வாங்கி மூடி வைத்துவிட்டு, எங்களுக்கு அம்மியில் அரைத்ததைத்தான் ஊற்றுவாள். வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே இதைச் செய்வாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா பக்திமான்தான். ஆனால் வீம்புக்கு அவளை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது.

அந்த வருஷம் ஆபீஸுக்கு ஆர்டர் குவிந்திருந்தது. காப்புக் கட்டு அன்றைக்கு முதலாளி வந்து, மைக்கைப் பிடித்து, நல்ல மனசோடுதான் சொன்னார்: "இந்தத் தடவை நம்ம ஆபீஸ் சார்பா ஒரு பரிசு. யாரு பாரி நல்லா வளந்திருக்கோ, அவுகளுக்கு ஒரு கலர் டிவி!"

குலவைச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. மறுநாளே டிவி வந்து இறங்கிவிட்டது. களவு போய்விடக் கூடாதென்று அம்மனுக்கு எதிரிலேயே பந்தலில் மேசை போட்டு வைத்தார்கள். வைத்தது வெறுமனே இருக்கக் கூடாதென்று பூசாரி அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, மாலையில் மீந்த பூவைச் சுற்றிவிட்டார். அம்மனைக் கும்பிட வந்தவர்கள் முதலில் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நாங்கள் அணைந்து கிடந்த அந்தக் கண்ணாடியில் எங்கள் மூஞ்சியைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தோம். ஒரு சின்னப் பயல் விழுந்து கும்பிட்டே விட்டான்.

பரிசு என்று வந்துவிட்டால் எது யார் சட்டி என்று தெரிய வேண்டும் இல்லையா? சட்டிகளில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டார்கள். அடையாளம் போட்டதும் சண்டை வந்தது. என் சட்டியை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள், அவள் தனக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள் என்று இருட்டு வீட்டுக்குள் ஒரே கூச்சல். கடைசியில், "அவுகவுக பாரிய அவுகவுக வீட்ல வச்சுக்கோங்க" என்று தீர்த்துவிட்டார்கள். அம்மா எங்கள் சட்டியை அடுப்பங்கரை மூலையில் குதிருக்குப் பின்னால் வைத்து, என் பழைய பாவாடையால் மூடினாள். ஊரில் அத்தனை வீட்டிலும் அன்றைக்கு ஒரு மூலை இருட்டாகிவிட்டது.

வெடியுப்புப் பேச்சை யார் முதலில் கிளப்பினார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. பட்டாசு மருந்தில் சேர்க்கிற உப்பு அது. பார்க்கச் சமையல் உப்பு மாதிரியே வெள்ளையாக இருக்கும். "உரக்கடையில விக்கிறதும் இதுவும் ஒரே சாமான்தானாம்" என்று ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு கை கொண்டாங்க, போதும்."

"ஏய், ஸ்டோர் சாமான். தெரிஞ்சா வேலை போயிரும்."

"ஒரு கைக்கா போயிரும்? நம்ம பிள்ள அடுத்த வீட்டு வாசல்ல உக்காந்து குடம் தூக்குது. உங்களுக்கு என்ன, நீங்க பாட்டுக்கு இருக்கீக."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மறுநாள் அவருடைய தூக்குச்சட்டியின் மேல்தட்டில் காகிதத்தில் மடித்து அது வந்து சேர்ந்தது. அம்மா குளித்துவிட்டு வந்து பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு, அதைப் போட்டுக் கலக்கினாள். கலக்கக் கலக்கச் சொம்பு ஜில்லென்று ஆனது. நானும் தொட்டுப் பார்த்தேன், பானைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. பங்குனி வெயிலில், அடுப்பங்கரைக்குள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ எறங்கிட்டா பாத்தியா" என்று ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த உப்பு தண்ணீரில் கரைந்தாலே சொம்பு குளிரும் என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்தபோது, எனக்கு ஏனோ டீச்சர் மேல் கோபம் வந்தது.

முதல் நாள் ஊற்றியபோது ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஊற்றினாள். ஆசைக்கு அளவு தெரியுமா, அதற்கு மறுநாள் கொஞ்சம் கூட்டியே ஊற்றினாள். அப்புறம்தான் பாவாடையைத் தூக்கிப் பார்த்தபோது முளைகளின் நுனி தீய்ந்திருந்தது. இரண்டு நாளில் தண்டு துவண்டு, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, அழுகின வாடை அடித்தது. அம்மா அதன் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "நம்ம வீட்டுக்குத்தான் ஏதோ வரப்போகுது" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். டிவியை அவள் அந்த நிமிஷமே மறந்துவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, வேன் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி நாள் சாயங்காலம். பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, துணி போட்டு மூடிய பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு முன்னால் வந்து வட்டமாக இறக்கினார்கள். முதலாளியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூசாரி தீபம் காட்டிவிட்டு, "துணிய எடுங்க தாயிகளா" என்றார்.

யாரும் எடுக்கவில்லை. ஆளுக்காள் அடுத்தவள் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தன் வீட்டுப் பாரி மட்டும்தான் கருகிப்போனது என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கும்மிக்காரப் பெரியம்மாதான் முதலில் துணியை எடுத்தாள். பழுப்பாக, நார் நாராகக் கிடந்தது. "ஐயோ" என்றது கூட்டம். அப்புறம் ஒவ்வொரு துணியாக விலகியது. எல்லாம் அதே கோலம். எங்களுடையதும்.

சித்தி தன் துணியை எடுத்தாள். ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்து, வெளிர் மஞ்சளில், அடர்த்தியாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"ஊரு முச்சூடும் கருகிக் கெடக்கு. இவளுக்கு மட்டும் எப்பிடி வந்துச்சு?" என்றாள் பெரியம்மா.

"எல்லா வீட்டு வளத்தியையும் இளுத்துக்கிட்டா."

"பனங்காட்டுல என்னத்தப் படிச்சுட்டு வந்தாளோ."

சித்தி மிரண்டுபோய்ப் பெரியம்மாவைப் பார்த்தாள். "நான் ஒண்ணுமே செய்யலைக்கா. சாயங்காலம் தண்ணி தெளிச்சேன், அம்புட்டுத்தான்" என்றாள். 

பெரியம்மா விடவில்லை. "உன் புருசன் மருந்து கலக்குறவன். அவன் கையில இருந்து வர்ற மருந்தத்தான் எங்க பிள்ளைகளும் தொடுதுக. தெய்வக் குத்தத்த வீட்ல வச்சுக்கிட்டு அவன் அங்கன வந்தா, நாளைக்கு என்ன ஆகும்? இவ பாரி எடுக்க வேணாம். அவன் இனிமே மருந்து ரூமுக்கு வரவும் வேணாம்."

ஆமா ஆமா என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. சித்தப்பா ஆண்கள் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கெட்ட மனசில் பேசியவர்கள் இல்லை அவர்கள். பயத்தில் பேசினார்கள். ஆனால் அந்தப் பேச்சு அன்றைக்கு ஊரில் நிலைத்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கத்தில் விஸ்வநத்தத்தில் எங்கோ, நாரணாபுரத்தில் எங்கோ ஒரு ஆபீஸில் ஒரு பொறி விழுந்தாலும் விரல் சித்தியை நோக்கித்தான் நீண்டிருக்கும். ஆயுசுக்கும்.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை அசைத்தார். அவர் கண் முதலாளியின் நாற்காலிப் பக்கம் போய் வந்தது. அம்மா என் கையிலிருந்து முந்தானையை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டு வட்டத்துக்கு நடுவில் போனாள்.

"நான் வெடியுப்புத் தண்ணி ஊத்துனேன்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"எங்க வீட்டுக்காரரு ஸ்டோர்ல இருந்து கொண்டாந்தாரு. அவரு வேணாம்னுதான் சொன்னாரு, நாந்தான் விடல. டிவி மேல ஆச. மூணு நாளு ஊத்துனேன், கருகிப்போச்சு. இதுல தெய்வக் குத்தம் எங்க இருக்கு? குத்தம் என் மேல இருக்கு. நாளைக்கு எங்கனயாச்சும் ஒண்ணு ஆனா அம்புட்டையும் இந்தப் பிள்ள தலையில ஏத்துவீகளா? அது தாங்குமா, சொல்லுங்க?"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏம்ப்பா, நம்ம ஸ்டோர் சாமானா?" என்று அப்பாவைக் கேட்டார். "ஆமா மொதலாளி" என்றார் அப்பா. அவருக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. என் அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அப்போது பெரியம்மா கருகின தன் சட்டியைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "எம் மகனும் கொண்டாந்தான். நானும் ஊத்துனேன்."

"நானும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினாள். அப்புறம் வரிசையாக. ஒவ்வொருத்தியும் தன் புருஷனையோ மகனையோ திரும்பிப் பார்க்க, ஆண்கள் வானத்தையும் பந்தல் காலையும் பார்த்தார்கள். ஊரே கூடித் தனித்தனியாக ஒரே காரியத்தைச் செய்திருந்தது. பூசாரிக்குத்தான் முதலில் விளங்கியது. "அடி சண்டாளிகளா, அம்மன் தலையில புஸ்வாணம் விடப் பாத்தீகளா?" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், வட்டமே சிரித்தது. மஞ்சள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர, பெரியம்மாவும் சிரித்தாள்.

"எடை குறையுது எடை குறையுதுன்னு கணக்கப்பிள்ள கத்துனான். எலி திங்குமான்னு கேட்டேன்" என்றார் முதலாளி. "இம்புட்டுப் பேரையும் நிறுத்திட்டா சீசனுக்கு நானும் எம் பொண்டாட்டியும்தான் உக்காந்து திரி வைக்கணும்." சொல்லிவிட்டு அவர் முகம் மாறியது. "சிரிக்காதீக. எங்க வச்சிருந்தீக அத? அடுப்பங்கரையிலதான? தீக்குப் பக்கத்துல? இனிமே ஒரு பொட்டு வீட்டுக்குப் போனாலும் பொல்லாதவனாயிருவேன்." சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை அடுப்புக்குப் பக்கத்தில் எத்தனை பொட்டலம் இருந்திருக்கும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும்.

கருகின பாரியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போக முடியாது. என்ன செய்வது என்று பூசாரி தாடையைச் சொரிந்துகொண்டிருந்தபோது சித்தி குனிந்தாள். தன் சட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, ஒரு கைப்பிடி முளையை வேரோடு இழுத்தாள். பின்னிக் கிடந்த வேர் கிழிகிற சத்தம் கேட்டது. அதைக் கொண்டுவந்து எங்கள் சட்டியில் நட்டாள்.

"ஏ பிள்ள, பிச்சுட்டீன்னா டிவி கெடைக்காது" என்றாள் அம்மா.

"மொதலாளிதான் பாத்துட்டாகள்லக்கா. அப்புறம் என்ன?" என்றாள் சித்தி. கண்ணில் ஈரம் இன்னும் காயவில்லை.

எல்லாச் சட்டிக்கும் ஒரு பிடி போனது. பெரியம்மாவின் சட்டியில் நடும்போது பெரியம்மா சித்தியின் தாடையைப் பிடித்து ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. எல்லாப் பாரியும் சரியான சோனி, நாலு தலைமயிரைச் சீவி விட்ட வழுக்கை மாதிரி. அதைத் தலையில் வைத்துக்கொண்டு கும்மியடித்து, குலவையிட்டு, எந்த வருஷமும் போகாத சந்தோஷத்தோடு கிணற்றுக்குப் போனார்கள். அம்மாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடினேன்.

டிவி சித்திக்குத்தான். எனக்கு எதற்கு, கோயிலுக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. ஆசையாக வாங்கிக்கொண்டு போய், சன்னலைப் பார்த்த மாதிரி வைத்து, ஊதுவத்தி கொளுத்தினாள். அம்மா முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு நாடகம் முழுசாகப் பார்த்தாள். விளம்பரம் வந்தபோது சித்தி யாரையும் தண்ணீருக்கு அனுப்பவில்லை. மறு வருஷம் முதலாளி பரிசு என்று வாயைத் திறந்தபோது பெண்கள், "குடுக்குறதா இருந்தா அம்புட்டுப் பேருக்கும் ஒண்ணு போல குடுங்க மொதலாளி" என்றார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் வாளி கிடைத்தது. சட்டிகள் மறுபடி ஒரே இருட்டு வீட்டுக்குப் போயின.

இப்போது என் வீட்டில் மிக்ஸியே இரண்டு இருக்கிறது. இரண்டையும் நான் கும்பிடாத குறைதான். என் தோள் என் அம்மா தோள் மாதிரி வலிக்கவில்லை, அதற்கு நன்றி சொல்லத்தானே வேண்டும். சாமான் வந்ததில் எனக்குக் குறை இல்லை. வந்த சாமானைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்குக் காட்டுவதற்கு என்று வாங்கும்போதுதான், நான் உட்பட, நமக்கெல்லாம் புத்தி கெட்டுப்போகிறது. ஊரிலும் எல்லாம் மாறிவிட்டது. ஆனாலும் காப்புக் கட்டு அன்றைக்கு இன்றைக்கும் சொளகு வீடு வீடாக வருகிறது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள், என் பங்கு ஒரு கை போட்டுவிடுங்கள் என்று போனில் சொல்கின்றன. பாய் கடை பெரிதாகி ஏசி போட்ட கடையாகிவிட்டது, அவர் மகன்தான் இப்போது கொண்டுவந்து கொடுக்கிறார்.

இந்தப் பங்குனிக்குப் போயிருந்தேன். அம்மாவும் சித்தியும் மாவிளக்குக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. சித்தப்பாவும் அப்பாவும் ஒரு காயமும் இல்லாமல் வேலையை விட்டு ஓய்ந்து, வேப்ப மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருக்காமல் பழைய கதையை எடுத்தேன்.

"சித்தி, ஊரே ஆசப்பட்டு உப்ப ஊத்துனப்ப நீங்க ஒருத்திதான் ஆசப்படாம இருந்தீக. நான் எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுவேன்."

சித்திக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "யாரு, நானா? அந்த டிவிய நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல தாயி. உங்க சித்தப்பா ரூமுக்கு உப்ப நிறுத்துத்தான் குடுப்பாக, ஒரு பொட்டு எடுக்க முடியாது, அதனால அண்ணன்கிட்டக் கேளுங்கன்னு உங்க வீட்டுக்கு அனுப்புனேன். தீந்துபோச்சுன்னுட்டாக. வெறுந்தண்ணி ஊத்துனேன். உங்கம்மா எனக்காக ஊருக்கு முன்னால எந்திரிச்சு நின்னப்போ, நானும் கேட்டேன்னு சொல்ல வாய் வரல. இம்புட்டு வருசமா உள்ளுக்குள்ளயே கெடக்கு."

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தீரல. பாதிப் பொட்டலம் அப்பிடியே இருந்துச்சு" என்றாள். "மிக்ஸி இருக்குறவளுக்கு டிவி வேற வேணுமான்னு நெனச்சு, இல்லைன்னு சொல்லச் சொன்னதே நாந்தான். எனக்கும்தான் இம்புட்டு வருசமாக் கெடக்கு."

சித்தி அரிசியிலிருந்து கையை எடுத்தாள். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. "அப்ப என் பாரியக் காப்பாத்துனது அம்மன் இல்லையாக்கா?" என்று கேட்டாள். "நீங்கதானா?"

"சீ, கன்னத்துல போட்டுக்க. அவதான் காப்பாத்துனா" என்றாள் அம்மா. "எங்க வீட்டு வாசல்ல, என் நாக்குல வந்து நின்னு, 'இல்லை'ன்னு சொன்னாள்ல?"